குடலழற்சி நோய்: குறிகளை அறிதலும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில், திகனயில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடைகளிலே சமயத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் கலையைப் பற்றியும் பேசுவதே வழக்கம். அவ்வழக்கத்திலிருந்து சற்று விலகி, சபையிலே வாய்விட்டுச் சொல்லக் கூசுகின்ற ஒரு பொருளை நாம் இன்று எடுத்துக்கொண்டோம். அது குடலைப் பற்றியது. மலத்தோடு போகும் இரத்தத்தைப் பற்றியது. விழாக் கூட்டத்தில் இப்பேச்சுத் தகுமோ எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இந்தக் கூச்சமே ஒரு கொடிய நோய்க்கு அரணாக நின்று, அதனை ஆண்டுக்கணக்கில் மறைத்துக் காத்து வருகின்றது. அதனை உணர்ந்தால், பேசுவதே தக்கது என்று பெரியோர்கள் ஒப்புவார்கள் என நம்புகிறோம்.

நாம் வைத்தியரல்லோம், பல்கலைக்கழகத்தில் பயிலும் ஒரு மாணவர் மாத்திரமே. ஆதலால் மருந்து சொல்வதற்கு இங்கே நிற்கவில்லை. எந்தக் குறிகள் தோன்றினால் வைத்தியரை நாட வேண்டும், அவரிடம் எதை ஒளியாது சொல்ல வேண்டும், நோயாளியின் வீட்டாரும் அயலாரும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை, கற்றறிந்த அளவில் எடுத்துக் கூறுவதே நமது நோக்கம்.

முதலில் நோய் இன்னதென்று பார்ப்போம். நாம் உண்ணும் உணவு இரைப்பையைக் கடந்து ஏறக்குறைய 20 அடி நீளமுள்ள சிறுகுடலிலும், பின்னர் 5 அடி நீளமுள்ள பெருங்குடலிலும் செல்கின்றது. இக்குடலின் உட்சுவர் செந்நிறமான மென்மையான தோல் போன்றது. கிருமி புகுந்தால் அது சிவந்து வீங்கும். கிருமி ஒழிந்ததும் ஆறிவிடும். அவ்வாறு சிவந்து வீங்கிப் புண்ணாவதையே அழற்சி என்கிறோம். ஆனால் சிலருடைய குடலில், அழிக்க வேண்டிய கிருமி எதுவும் இல்லாதபோதும் இந்த அழற்சி மூண்டு, தணிந்து, மறுபடியும் மூண்டு, ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றது. நம்மைக் காக்க வேண்டிய உடலின் காவற்படையே நமது குடலைத் தாக்குகின்றது என்று சொல்லலாம். இதுவே நாட்பட்ட குடலழற்சி நோய்.

இது பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று, புண்ணுறு பெருங்குடலழற்சி. இது மலக்குடலிலே தொடங்கி, இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும்; பெருங்குடலின் உட்சுவரை மாத்திரம் பற்றும். மற்றொன்று குரோன் நோய். இது வாய் முதல் குதம் வரை எங்கும் தோன்றலாம். சிறுகுடலின் கடைப்பகுதியிலே பெரிதும் காணப்படும். ஓரிடத்தைப் பற்றி ஓரிடத்தை விட்டுத் திட்டுத் திட்டாக அமையும். உட்சுவரோடு நில்லாமல் குடலின் முழுத் தடிப்பையும் ஊடுருவுவதால் குடல் சுருங்கி அடைபடுதலும், குதத்தின் அருகே புரையோடிச் சீழ் வடிதலும் இதில் உண்டாகும்.

இந்நோயின் சரித்திரத்திலே ஒரு வழக்கு உண்டு. 1859 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே இசபெல்லா பாங்ஸ் என்னும் பெண்மணி பல நாள் வயிற்றோட்டத்தாலும் வாந்தியாலும் வாடி இறந்தார். அவரோடு வாழ்ந்த தோமஸ் சிமெதர்ஸ்ற் என்னும் வைத்தியர் நஞ்சூட்டிக் கொன்றாரென்று குற்றஞ் சாட்டப்பட்டு, மரண தண்டனையும் விதிக்கப்பட்டார். ஆனால் நஞ்சைக் கண்டுபிடிக்கச் செய்த இரசாயனப் பரிசோதனையில், பரிசோதனைக்கு உபயோகித்த செம்பிலேயே பாஷாணம் கலந்திருந்ததென்று வெளிப்பட்டது. இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் என்பார், இறந்தவரின் குடலைச் சோதித்து, அதிலே பரந்த அழற்சியும் புண்களும் இருந்தமையை எழுதி வெளியிட்டார். சிமெதர்ஸ்ற் தூக்கிலிருந்து தப்பினார். கொலைக் குற்றத்திற்கு மன்னிப்பும் பெற்றார். வில்க்ஸ் எழுதிய அந்தக் குறிப்பே புண்ணுறு பெருங்குடலழற்சி பற்றிய முதற் குறிப்புகளில் ஒன்றென்று வைத்திய சரித்திரம் எழுதுவோர் கூறுவர். அப்பெண்மணிக்கு இருந்தது குரோன் நோயாகலாம் என்று பிற்காலத்தார் சிலர் கருதினர். எப்படியாயினும், அடையாளம் தெரியாத நோய் ஒரு மனிதனைத் தூக்குமேடைவரை கொண்டு போயிற்று. நமது ஊர்களிலோ, இத்தகைய நோயாளியைக் கண்டால் சூனியம் என்றும் கண்ணூறு என்றும் அயல்வீட்டாரைச் சந்தேகிக்கின்றோம். நோயின் பெயர் தெரியாத இடத்திலே பழி ஓர் ஆளைத் தேடிக்கொள்ளும் என்பது அந்நாட்டிற்கும் இந்நாட்டிற்கும் பொது.

மற்ற வகையினை 1913 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்துச் சத்திரவைத்தியர் டால்சியல் என்பவர் விவரித்தார். பின்னர் 1932 இல் நியூயோர்க் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பென்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டனர். அகரவரிசையிலே முன்னின்ற குரோனின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

இது வெள்ளைக்காரரின் வியாதி, நமக்கென்ன என்று நினைத்தல் தவறு. களனிப் பல்கலைக்கழகத்து வைத்திய ஆராய்ச்சியாளர்கள் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளிலே கணக்கெடுத்து 2010 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதிலே 295 நோயாளிகள் கண்டறியப்பட்டனர்; 240 பேருக்குப் புண்ணுறு பெருங்குடலழற்சி, 55 பேருக்குக் குரோன் நோய். இலட்சம் பேருக்கு முறையே 5.3 பேரும் 1.2 பேரும் என்று கணித்தனர். முதல் வகையில் ஆண்களிலும் பெண்கள் ஒன்றரை மடங்காக இருந்தனர். வைத்தியசாலைக்கு வந்தவர்களை மாத்திரம் எண்ணிய கணக்கு இதுவென்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டோடு கிடந்து மறைத்தவர் இக்கணக்கில் இல்லை.

இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் வீடு வீடாகச் சென்று எண்ணி 2003 இல் வெளியிட்ட ஆய்விலோ, பெருங்குடலழற்சி இலட்சத்திற்கு 44 பேரளவில் இருந்தது. இங்கிலாந்தின் லெஸ்ரர் பகுதியிலே குடியேறிய இந்துக்களுக்கும் சீக்கியருக்கும், அங்குள்ள ஐரோப்பியரைக் காட்டிலும் இந்நோய் அதிகமாக உண்டாயிற்று என்று 1992 இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. ஆகவே நமது இரத்தத்திற்கு இந்நோயை விலக்கும் வரம் ஏதுமில்லை. வாழ்க்கை முறை மாற மாற இந்நோய் ஆசியாவெங்கும் பெருகி வருகின்றது.

இன்னும் ஒன்று. இந்நோய் கிழவர்களை மாத்திரம் தேடி வருவதன்று. 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவர்களிடமே பெரிதும் தலைகாட்டுகின்றது. அதாவது பரீட்சைக்குப் படிக்கும் மாணவனை, புதிதாய் வேலையிற் சேர்ந்த வாலிபனை, மணப்பேச்சு நடக்கும் பெண்ணைப் பற்றுகின்றது. மறைக்கக் காரணம் மிகுந்த வயது இதுவே. ஆகையினாற்றான் வாலிபர் சங்கம் இதனைக் கேட்க வேண்டுமென்கிறோம்.

விடுதியிலே நம்மோடு தங்கியிருந்த நண்பர் ஒருவரின் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். நன்றாக உண்பவர், நன்றாக ஓடுபவர். ஒரு தவணையிலே மெல்ல மெல்ல உணவைக் குறைத்தார். விரிவுரைக்குப் போனால் கதவருகே இருப்பார். பஸ் பயணத்தை வெறுத்தார். ஊருக்குப் போகும் நாளில் காலையுணவையும் விட்டுவிடுவார். இரவிலே இரண்டு மூன்று முறை எழுந்து செல்வதை நாம் கண்டு வினவியபோது, கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இரத்தம் போவதை ஏழு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூலவியாதியென்று யாரோ கொடுத்த லேகியத்தை உண்டார். ஈற்றில் மாடிப்படியில் மயங்கி விழுந்த பின்னரே வைத்தியசாலை சென்றார். உடலில் இரத்தம் பாதியாய்க் குறைந்திருந்தது. இன்று மருந்தோடு நலமாயிருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதனைச் சொல்லுகிறோம். "ஒருவராவது நேரே இரத்தம் போகிறதா என்று கேட்டிருந்தால், சொல்லியிருப்பேன்" என்பது அவர் நம்மிடம் கூறிய வார்த்தை.

இனிக் குறிகளை ஒவ்வொன்றாக எண்ணுவோம். தம்பிமார், தங்கைமார் இதனை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நாட்கணக்கு. கிருமியால் வரும் வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தணியும். நான்கு வாரத்தைத் தாண்டியும் வயிற்றோட்டம் நீடித்தாலும், நின்று நின்று திரும்பத் திரும்ப வந்தாலும், அதனைச் சாதாரணமென்று எண்ணலாகாது.

இரண்டாவது, இரத்தமும் சளியும். மலத்தோடு கலந்து இரத்தம் போதல், சளி போதல், சில வேளை மலமின்றி இவை மாத்திரமே போதல், பெருங்குடலழற்சியின் தலையாய குறி.

மூன்றாவது, அடக்க முடியாத அவசரம். எழுந்து போவதற்குள் ஆடை நனைந்துவிடுமோ என்ற அச்சம். போய் வந்த பின்னரும் இன்னும் மிச்சமிருப்பதுபோன்ற முக்கல். நோயாளி கடைக்குப் போகுமுன், கோயிலுக்குப் போகுமுன், அங்கே மலசலகூடம் எங்கேயென்று எண்ணுவார். நமது நண்பர் கதவருகே இருந்த காரணம் இதுவே.

நான்காவது, இரவு. உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றோட்டத்தை ஒருபோதும் அலட்சியஞ் செய்யலாகாது. மனக்கலக்கத்தால் வரும் குடற்கோளாறு பகலிலே தொல்லை தரும். நோயாளியைப் பெரும்பாலும் உறங்க விடும். அழற்சியோ நள்ளிரவிலும் எழுப்பும்.

ஐந்தாவது, வயிற்றுவலி. குரோன் நோயில் வலது அடிவயிற்றிலே, உண்டபின் முறுக்கிப் பிடிக்கும் வலி உண்டாகலாம். இந்த வகையிலே இரத்தம் வெளிப்படாமலும் இருக்கலாம் என்பதைக் கவனிக்க.

ஆறாவது, உடல் மெலிவு, காய்ச்சல், சோர்வு. காரணமின்றி இடுப்புப் பட்டியின் துளை ஒன்றிரண்டு உட்செல்லுதல், மாலையிலே மெல்லிய காய்ச்சல், நாடோறும் களைப்பு. குழந்தைகளிலோ வளர்ச்சி குன்றுதல் ஒன்றே வெளிப்படையான குறியாகலாம். ஒத்த வயதுப் பிள்ளைகள் உயர, ஒரு பிள்ளை மாத்திரம் நின்றுவிட்டால், பருவமடைதல் பிந்தினால், வயிற்றைப் பற்றியும் விசாரிக்க வேண்டும்.

ஏழாவது, இரத்தசோகை. கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல், மேடேறும்போது மூச்சிரைத்தல், தலைசுற்றல். தோட்டத்திலே கொழுந்தெடுக்கும் பெண் பேருக்குரிய நிறையைப் பூர்த்திசெய்ய முடியாமல் அரைப்பேரோடு திரும்பினால், சோம்பல் என்று பழிப்பவர் உண்டு; மாதவிலக்கால் வந்த பலவீனம் என்று இரும்புச்சத்துக் குளிசையோடு விட்டுவிடுபவரும் உண்டு. குடல்வழியே நாடோறும் இரத்தம் கசிகின்றதா என்று ஒருமுறை கேட்பது அவளுக்குச் செய்யும் பேருதவி.

எட்டாவது, குடலுக்கு வெளியே தோன்றும் குறிகள். வாயில் மீண்டும் மீண்டும் புண். முழங்கால், கணுக்கால் மூட்டுகளில் வீக்கமும் வலியும். கண் சிவந்து நோதல். காலின் முன்புறத்திலே சிவந்த வலிக்கும் கட்டிகள். குதத்தின் அருகே சீழ்க்கட்டியும் ஆறாத புரையும். மூட்டுக்கு ஒருவரிடமும் கண்ணுக்கு ஒருவரிடமும் வயிற்றுக்கு ஒருவரிடமுமாக அலைபவர், மூன்றையும் ஒரே வைத்தியரிடம் சேர்த்துச் சொன்னால், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இக்குறி கண்டவரெல்லாம் இந்நோயாளர் என்று நாம் சொல்லவில்லை. மூலவியாதியிலும் இரத்தம் போகும். அது மலங்கழித்த பின் பளிச்சென்று சொட்டாக விழுவதே வழக்கம். வயிற்றோட்டமும் மெலிவும் அதில் இல்லை. அமீபா என்னும் நுண்ணுயிரால் வரும் வயிற்றுளைவு இந்நோயைப் போலவே வேடங்காட்டும். குடலிலே பற்றும் காசநோயோ குரோன் நோயின் இரட்டைப் பிள்ளை போன்றது. நமது நாடுகளில் இவ்விரண்டையும் பிரித்தறிவதே வைத்தியர்க்குப் பெரும் சோதனை. ஒன்றிற்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றை வளர்த்துவிடும். வயது முதிர்ந்தவர்க்கோ இதே இரத்தப்போக்கு குடற்புற்றின் முதற்குறியாகலாம். பெரியோர்கள் இதனை மூலமென்று தாமே முடிவுசெய்துவிடலாகாது. ஆகவே வீட்டிலிருந்தபடி நோய்க்குப் பெயரிடுதல் ஆகாது. குறியைக் கண்டால் போவது நமது வேலை. பெயர் வைப்பது வைத்தியரின் வேலை.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலையும் உண்டு. 1955 இல் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த ரூலவ், விற்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் வகுத்த அளவுகோல் இன்றளவும் வழங்குகின்றது. நாளொன்றுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு மலங்கழிதல், அதனோடு காய்ச்சல் 37.8 பாகை சென்ரிகிரேட்டைத் தாண்டுதல், நாடித்துடிப்பு நிமிஷத்திற்கு 90 ஐத் தாண்டுதல், அல்லது இரத்தசோகை காணுதல், கடுமையான தாக்குதலின் அடையாளமாம். வயிறு உப்பிக் கல்லாதல், வாந்தியோடு மலமும் காற்றும் முற்றாக நின்றுபோதல் ஆகியவையும் அவ்வாறே. அந்நேரத்தில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைக் கடையில் வாங்கி விழுங்குவது ஆபத்து. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அவசரமில்லாத நிலையில் எங்கே போவது? திகனயிலும் ரஜவெல்லயிலும் குண்டசாலையிலும் வாழும் நமக்குத் தெல்தெனிய வைத்தியசாலையும், கண்டி தேசிய வைத்தியசாலையும், பேராதனைப் போதனா வைத்தியசாலையும் பஸ் ஏறிப் போகும் தூரத்திலேயே உள்ளன. அரசாங்க வைத்தியசாலையிலே கட்டணமில்லை. வெளிநோயாளர் பிரிவிலே வரிசையில் நிற்கும் பொறுமை ஒன்றே வேண்டியது. மலத்தைச் சோதித்துக் கிருமி உண்டோ என்று பார்ப்பர், இரத்தத்தைச் சோதிப்பர், குடலில் அழற்சி உண்டா என்பதை மலத்திலேயே காட்டும் கல்புரொடெக்ரின் என்னும் பரிசோதனையும் இந்நாளில் உண்டு. பின்னர் தேவையாயின் குடல்நோக்கிக் கருவியாற் பார்ப்பர்.

இக்கருவியின் பெயரைக் கேட்டே வீடு திரும்புவோர் பலர். அது சத்திரசிகிச்சையன்று. முதல்நாள் பேதிமருந்து குடித்துக் குடலைச் சுத்தமாக்க வேண்டும். அதுவே பெரிய சிரமம். பின்னர் மெல்லிய வளையும் குழாயொன்றைச் செலுத்தி உட்சுவரை நேரிலே கண்டு, மிளகளவிலும் சிறிய துணுக்குகள் சிலவற்றை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்ப்பர். மயக்கம் தரும் ஊசியும் கொடுப்பதுண்டு. பெண்பிள்ளைகள் வெட்கத்தால் மறுப்பதைக் கேள்விப்படுகிறோம். தாயோ தமக்கையோ கூடச் சென்றால் அவ்வெட்கம் பாதி குறையும்.

இந்நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு. சுவீடன் நாட்டு வைத்தியப் பேராசிரியை நன்னா ஸ்வார்ட்ஸ் என்பார், மூட்டுவாதத்திற்கென்று ஆக்கிய சல்பசலசின் என்னும் மருந்து குடலழற்சியைத் தணிப்பதைக் கண்டு 1940 களின் தொடக்கத்தில் வெளியிட்டார்; அதன் வழிவந்த மெசலசின் இன்றும் பெருங்குடலழற்சிக்கு முதல் மருந்து. முன்னே சொன்ன ரூலவும் விற்ஸும் 210 நோயாளிகளைக் கொண்டு செய்த சோதனையில் கோட்டிசோன் பயனுள்ளதென்று நிறுவினர். பின்னர் காவற்படையின் சினத்தைத் தணிக்கும் அசதியோபிரின் வந்தது. 1998 முதல் இன்பிளிக்சிமாப் முதலிய உயர்ந்த ஊசிமருந்துகளும் வழக்குக்கு வந்தன. தேவையாயின் சத்திரசிகிச்சையும் உண்டு.

யப்பானின் பிரதமராயிருந்த ஷின்சோ அபே பதினேழாம் வயதிலேயே புண்ணுறு பெருங்குடலழற்சிக்கு ஆளானவர். 2007 இல் அந்நோயும் ஒரு காரணமாகப் பதவி துறந்தார். புதிய மருந்தால் நலம்பெற்று 2012 இல் மீண்டும் பிரதமராகி, அந்நாட்டின் சரித்திரத்தில் மிக நீண்டகாலம் ஆட்சிசெய்தவரானார். 2020 இல் நோய் மீண்டும் தலைதூக்கவே விலகினார். நோய் இருந்தும் ஒருவர் உயர்ந்த பொறுப்பைத் தாங்கலாம் என்பதற்கும், தணிந்த நோய் திரும்பும் என்பதற்கும் அவர் ஒருவரே சான்று.

நோயாளி காக்க வேண்டிய விதிகள் சில. சுகமாயிற்றென்று மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. கோட்டிசோன் வகை மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே கேடு. மூட்டுவலிக்கென்று டிக்லோபெனக், இபுபுரோபன் போன்ற நோவுக் குளிசைகளைக் கேளாமல் விழுங்கலாகாது. அவை அழற்சியைத் தூண்டக்கூடும். புகைபிடித்தல் குரோன் நோயை மோசமாக்கும். கந்தசஷ்டி முதலிய விரதம் பிடிப்பவர் வைத்தியரைக் கேட்டே பிடிக்க வேண்டும்; நோய் மூண்டிருக்கும் காலத்தில் உபவாசம் வேண்டாம், மருந்தை விடவும் வேண்டாம். பெருங்குடலழற்சி உள்ளவர், தொடங்கி எட்டு ஆண்டளவில் இருந்து, வைத்தியர் சொல்லும் காலத்திற்கொருமுறை குடலைப் பார்ப்பித்தல் வேண்டும். புற்று உண்டாகும் அபாயம் நாட்செல்லச் செல்லக் கூடுகின்றது.

தவறான எண்ணங்கள் மூன்றையும் களைந்துவிடுவோம். இது தொற்றுநோயன்று, ஒரே கோப்பையில் குடிப்பதாலும் ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதாலும் வராது. இது உறைப்புத் தின்றதால் வந்த தண்டனையுமன்று; சில உணவுகள் சிலருக்கு ஒவ்வாதிருக்கலாம், ஆனால் உணவு இந்நோயின் மூலகாரணமன்று. இந்நோயுடைய பெண்ணுக்குத் திருமணம் ஆகாது, பிள்ளைப்பேறு இல்லை என்பதும் பொய். நோய் தணிந்திருக்கும் காலத்தில், வைத்தியரின் கண்காணிப்போடு கருவுற்று, நலமாய்ப் பெற்றெடுப்போர் உலகெங்கும் உள்ளனர். பெரியோர்களே, மணப்பேச்சுக் கெட்டுவிடும் என்று மகளின் நோயை மறைக்கும் வீட்டிலே, அவள் மணமேடை ஏறுமுன் படுக்கையில் விழ நேரிடும் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறோம்.

கடைசியாக நமது கடமை. திருவள்ளுவர் தமது நூலில் மருந்து என்றோர் அதிகாரம் வகுத்து, மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டென்றார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுபவர். முதல் மூன்றும் நமது கையில் இல்லை. நான்காவது நமது கையில் இருக்கின்றது. அந்நான்காம் உறுப்பாகச் சங்கத்து வாலிபர் செய்யத்தக்கவை யாவை?

நமது தாய்மார் பலர் வைத்தியசாலையிலே "படே அமாருவ" என்று மாத்திரம் சொல்லி, வயிற்றுவலி மருந்தோடு திரும்பி வருகிறார்கள். "லே", அதாவது இரத்தம், என்ற ஓர் அசையையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வைத்தியர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருப்பார். சிங்களம் நன்கறிந்த வாலிபர் நம்மிடையே நிறைய உண்டு. கிளினிக் நாளிலே ஒருவர் கூடச் சென்று பேசிக் கொடுத்தால், அது மாதக்கணக்கான அலைச்சலைத் தவிர்க்கும். பெண்களோடு பெண்களே செல்லட்டும்.

இரண்டாவது, போகுமுன் ஒரு தாளிலே எழுதிக் கொடுக்கலாம்: எத்தனை வாரமாயிற்று, நாளுக்கு எத்தனை முறை, இரவில் எத்தனை முறை, இரத்தம் உண்டா, சளி உண்டா, எவ்வளவு மெலிந்தார், மூட்டு, கண், வாய் எப்படி, குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா, இதுவரை உண்ட மருந்துகள் எவை. இவ்வொன்பது கேள்விக்கும் விடையுள்ள தாளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிட்டால், நாவு கூசினாலும் தாள் பேசும்.

மூன்றாவது, நாட்சம்பளக்காரருக்குக் கிளினிக் நாள் என்பது சம்பளமற்ற நாள். லயத்திலே அயல்வீட்டார் அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், யாரேனும் பஸ் காசு கொடுத்துதவினால், அதுவும் மருத்துவமே. பல வீட்டார்க்குப் பொதுவான மலசலகூடத்தின் முன் அடிக்கடி நிற்கும் ஒருவரைப் பரிகசியாதிருத்தலும் மருத்துவமே. நமது விளையாட்டுப் போட்டி, சிரமதானம், யாத்திரை எதுவாயினும், மலசலகூடம் எங்கேயென்று முன்கூட்டியே எல்லோர்க்கும் அறிவித்துவிடுவோமாக. யாருக்காக அறிவிக்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை, தேவைப்பட்டவர் அறிந்துகொள்வார்.

நான்காவது, கேளுங்கள். நண்பன் மெலிந்தால், தங்கை உணவை ஒதுக்கினால், அப்பா இரவிலே பலமுறை எழுந்தால், "வயிறு எப்படி, இரத்தம் போகிறதா" என்று தனியே அழைத்து, மெல்லக் கேளுங்கள். கேட்பவருக்கு ஒரு நிமிஷ வெட்கம். கேட்கப்படுபவருக்கோ அது பல மாதச் சிறையின் கதவு திறப்பதுபோல் ஆகும்.

இன்றிரவு வீடு சென்றதும், நாம் எண்ணிய எட்டுக் குறிகளையும் வீட்டிலுள்ளோர்க்கு ஒருமுறை சொல்லிவிடுங்கள். யாரேனும் ஒருவர் தலைகுனிந்து மௌனமானால், நாளைக் காலை முதல் பஸ்ஸிலே அவரோடு நீங்களும் ஏறுங்கள்.